சன்னம் ஆழமாகப் பாயவில்லை என்பது நற்செய்தி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் உட்பக்கம் ஒன்றில், கந்தளாய்ப் பக்கம் வெடிபட்ட அலியன் (தந்தமில்லாத ஆண்) யானை ஒன்றைப் பற்றி எட்டு வரியில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். சன்னம் ஆழமாகப் பாயாததால் யானை உயிர் தப்பியது என்பது தலைப்பு. என் மனைவி அதை உரத்து வாசித்துவிட்டு, "நல்ல காலம்" என்றா. நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, நல்ல காலம் இல்லை, அந்த யானைக்கு இனித்தான் கெட்ட காலம் என்று தொடங்கி அரை மணித்தியாலம் பேசியிருக்கிறேன். கடைசியில் அவ, "இதையெல்லாம் எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? பேப்பர்க்காரருக்கு எழுதுங்கோவன்" என்று எழும்பிப் போய்விட்டா. ஆகவே எழுதுகிறேன். நீளம் என்று கண்டால் முன்பக்கத்தில் வெட்டுங்கள். பின்பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

நான் வேட்டைக்காரன் அல்ல. கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக 34 வருடம் இந்த மாவட்டத்தில் வேலை பார்த்து 2012 இல் ஓய்வுபெற்றவன். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய் என்று எருமைப் பட்டிகளுக்குப் பின்னால் அலைந்த காலத்தில், வெடிபட்ட மாடுகளில் மிருக வைத்தியர் கத்தி வைக்கும்போது கயிற்றைப் பிடிப்பதும் கிடுக்கியை எடுத்து நீட்டுவதும் என் வேலை. உள்ளே இருந்து எடுத்த உலோகத்தை வைத்தியர் எறிவார். நான் பொறுக்கிக் கழுவி வைத்துக்கொள்வேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சிலர் முத்திரை சேர்க்கிறார்கள். பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றில் அவை எல்லாம் இருக்கின்றன. இதை எழுதும்போது மேசையில் கொட்டி வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் குறை. அந்த எட்டு வரிக்குள் ஒரே சாமானைத் தோட்டா, ரவை, குண்டு, சன்னம் என்று நாலு பெயரால் அழைத்திருக்கிறீர்கள். தோட்டா என்பது முழுச் சாமான்: பித்தளைக் கோது, அதற்குள் வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கிற கேப்பு, நுனியில் சன்னம். துவக்கை விட்டுப் பறப்பது சன்னம் மட்டும். தோட்டா யானையின் உடலுக்குள் இருந்தது என்று எழுதினால், கோதோடு சேர்த்துக் கையால் எறிந்திருக்கிறார்கள் என்றல்லவா வரும்?

இனி விசயத்துக்கு வருகிறேன். சன்னம் உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது 1964 இல், பன்னிரண்டு வயதில், ஈரப் பேப்பரில்.

என் பெரியப்பா காட்டில் தடம் பார்ப்பதில் பேர் போனவர். ஆளைக் கொன்ற யானை என்று அரசாங்கம் பிரகடனம் செய்தால், அதைச் சுடுவதற்கு அந்நாளில் அனுமதிப்பத்திரம் கொடுப்பார்கள். அப்படி ஒரு பத்திரத்துடன் மலைநாட்டிலிருந்து தோட்டத்துரை ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். அவரிடம் இருந்தது .375 மக்னம் றைபிள். 1912 இல் இங்கிலாந்தின் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் கம்பனி கொண்டுவந்த அளவு அது. ஆபிரிக்காவில் பல நாடுகள் இன்றைக்கும் யானைக்கும் காட்டெருமைக்கும் அதற்குக் குறைந்த அளவை அனுமதிப்பதில்லை. துரை இரண்டு பெட்டித் தோட்டா கொண்டுவந்திருந்தார். இரண்டிலும் சன்னத்தின் எடை ஒன்றே, 300 கிரெயின்; கிராமில் சொன்னால் 19க்குச் சற்று மேல். வேகமும் கிட்டத்தட்ட ஒன்றே, செக்கனுக்கு ஏறத்தாழ 2,500 அடி. வித்தியாசம் மூக்கில்தான். ஒன்றின் நுனியில் ஈயம் வெளியே தெரிந்தது. மற்றதில் உலோக உறை நுனி முழுவதையும் மூடியிருந்தது. பெரியப்பா முன்னதை மெதுமூக்கு என்றார், பின்னதைக் கெட்டி என்றார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெரியப்பா யாரையும் இலேசில் நம்புகிற ஆள் இல்லை. "ஐயா, எது எவ்வளவு தூரம் போகுமெண்டு முதல்ல காட்டுங்கோ. பிறகு காட்டுக்குப் போவம்" என்றார். துரைக்குக் கோபம் வரும் என்று நாங்கள் பயந்தோம்; அவர் சிரித்துவிட்டார். என்னைக் கடை கடையாக அனுப்பிப் பழைய பேப்பர் வாங்குவித்தார்கள். உங்கள் பத்திரிகையும் அதில் இருந்தது என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். தண்ணீர்ப் பீப்பாயில் ஓரிரவு ஊறவைத்து, சணற்கயிற்றால் கட்டுக் கட்டாக இறுக்கி, பெரிய மண்மேடு ஒன்றுக்கு முன்னால் மூன்று முழ நீளத்துக்கு ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினோம். துரை ஐம்பது அடி தள்ளி நின்றார்.

முதல் வெடி மெதுமூக்கு. கட்டுகள் எல்லாம் ஒரு தரம் துள்ளி விழுந்தன. ஓடிப்போய்ப் பிரித்தோம். முதல் தாள்களில் சுண்டுவிரல் போகிற ஓட்டை. நாலு விரற்கடை உள்ளே போனதும் ஓட்டை அகன்று, சிரட்டையைக் கவிழ்த்து வைக்கலாம் போல ஒரு குகை. சுற்றிவரப் பேப்பர் கூழாகியிருந்தது. பிறகு அது ஒடுங்கிக்கொண்டே போய் ஒரு முழத்தில் முடிந்தது. முடிந்த இடத்தில் சன்னம் கிடந்தது, மழைக்கு முளைத்த காளான் மாதிரி. முன்பக்கம் விரிந்து, உறை கீலம் கீலமாகப் பின்னால் சுருண்டு, அகலம் இரண்டு மடங்காகியிருந்தது. பல வருடம் கழித்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 14 கிராம். மிச்ச ஐந்து கிராம் ஈயமும் வழியில் தூளாகிப் பேப்பருக்குள் போய்விட்டது.

இரண்டாவது கெட்டி. இந்த முறை கட்டுகள் அவ்வளவு அசையவில்லை. தாளைத் தாளாகப் புரட்டினோம். முதற்பக்கத்தில் இருந்த அதே துளை கடைசிப் பக்கத்திலும் இருந்தது. மூன்று முழத்தையும் கடந்து மண்மேட்டுக்குள் போயிருந்தது. பெரியப்பா பின்னேரம் வரை மண்வெட்டியோடு நின்று தோண்டி எடுத்தார். குழாயின் வரிகள் பட்ட கீறலைத் தவிர அதில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டும் இப்போது என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஒரே எடையில் பிறந்தவை என்று சொன்னால் பேரன் நம்புகிறான் இல்லை.

துரை என்னைப் பார்த்து, யானைக்கு எதைப் போடலாம் என்று பெரியப்பா மூலம் கேட்டார். நான் யோசிக்காமல் சிரட்டைக் குகையைக் காட்டினேன். பெரியப்பா பிடரியில் ஒன்று போட்டார். அறுபது வருடம் கழித்து உங்கள் செய்தியைப் பார்த்தபோது அந்த இடம் ஒருதரம் சுணைத்தது.

(அந்த யானை அகப்படவேயில்லை. மூன்று நாள் அலைந்துவிட்டுத் துரை நுளம்புக்கடியோடு மலைக்குத் திரும்பினார்.)

விரிவதும் துளைப்பதும் ஒன்றுக்கொன்று பகை. மாரி காலத்தில் டொக்யாட் வீதியால் வாடைக்காற்றுக்கு எதிரே குடை பிடித்து நடந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மடக்கினால் விறுவிறென்று நடக்கலாம். விரித்தால் காற்று ஆளை நிறுத்திவிடும். சன்னத்தின் குறுக்களவு இரண்டு மடங்கானால் முகப்பின் பரப்பு நாலு மடங்கு. தசையும் இரத்தமும் அந்த நாலு மடங்கு முகத்தையும் சேர்த்துத் தடுக்கும். கொண்டுவந்த வலு முழுவதையும் கிட்டவே இறக்கிவிட்டு அது நின்றுவிடும்.

மானுக்கு அது சரி. பிரட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கும் புள்ளிமான்களைப் பார்த்திருப்பீர்கள். (அவற்றுக்குப் பொலித்தீன் பையோடு சாப்பாடு நீட்டுகிறவர்களைப் பற்றி இன்னொரு கடிதம் எழுத இருக்கிறேன்.) அந்த நெஞ்சின் அகலம் ஒரு சாணும் கொஞ்சமும்தான். கெட்டிச் சன்னம் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கத்தால் போய்விடும். மான் ஓடிப்போய்ப் பற்றைக்குள் கிடந்து மணிக்கணக்கில் சாகும். மெதுமூக்கு நெஞ்சுக்குள்ளேயே விரிந்து அதிக தூரம் ஓடவிடாமல் விழுத்தும். ஒரு முழத்தில் நிற்கிற சன்னம் மானுக்குத் தாராளம், எருமைக்கு மட்டுமட்டு, யானைக்கு ஒன்றுமேயில்லை. யானையின் தோல் சில இடங்களில் ஒரு அங்குலத் தடிப்பு. மண்டையின் முன்பக்கம் ஒரே கட்டியான எலும்பு அல்ல. தேன்கூடு மாதிரி காற்றறைகள் நிறைந்த பெரிய சுவர். மூளை அதற்குப் பின்னால், பிடரிப் பக்கமாக இருக்கிறது. விரிகிற சன்னம் அந்தத் தேன்கூட்டிலேயே தன் கதையை முடித்துக்கொள்ளும். யானை தலையை உதறிவிட்டு நடக்கும்.

இனிக் கொஞ்சம் கணக்கு. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். பெரிய வாய்த் துவக்கு ஆழமாகத் துளைக்கும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். சன்னத்தின் எடையை அதன் குறுக்களவின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். உருவம் மாறாமல் போகிற சன்னம் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு அது ஒரு நல்ல குறி. துரையின் .375 சன்னம் 19.4 கிராம், 9.5 மில்லிமீற்றர்: விடை 0.215. இப்போது 7 மில்லிமீற்றர் மௌசர் றைபிளின் பழைய நீட்டுச் சன்னம், 173 கிரெயின். 11.2 கிராம், 7.2 மில்லிமீற்றர்: விடை 0.216. எடை பாதியை விடச் சற்றே கூட, ஆனால் துளைக்கிற குணம் ஒன்று! அடுத்தது பன்னிரண்டு போர் (bore, குழாயின் உள்ளளவு) துவக்கின் ஈய உருண்டை. ஒரு இறாத்தல் ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை வார்த்தால் ஒன்று அந்தக் குழாய்க்குச் சரியாக இருக்கும். அந்தப் பெயர் வந்ததே அப்படித்தான். ஒன்று 37.8 கிராம், 18.5 மில்லிமீற்றர்: விடை 0.110. மூன்றில் பாரமானது அதுதான், ஆனால் குறி பாதி. போதாததற்கு வேகமும் பாதிதான். மெல்லிய ஈயம், எலும்பில் பட்டால் நசியும்.

ஸ்கொட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல், கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதில் பெரும்பங்கு அந்தச் சின்ன 7 மில்லிமீற்றர் றைபிளால். கெட்டிச் சன்னம் மட்டும்தான் போட்டார். செத்த யானையின் மண்டையை வாளால் அறுத்து, எந்தக் கோணத்திலிருந்து மூளை எங்கே இருக்கும் என்று படித்து வைத்திருந்தார். ஆயிரம் யானையைக் கொன்றவரைப் புகழ எனக்கு வாய் வராது. சன்னத்தின் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் தீவிலும் குறைந்தவர்கள் இருக்கவில்லை. மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிற்காலத்தில் எழுதும்போது, புலி போன்ற மெல்லிய தோல் மிருகத்துக்குச் சுத்த ஈயம், யானைக்குக் கடினமாக்கிய ஈயம் என்று பிரித்துச் சொன்னார். உறை போட்ட சன்னம் பரவுவதற்கு முன்பே அனுபவம் அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

பிறகு வந்தவர்கள் எல்லாரும் இந்தப் பகையைத் தீர்க்கத்தான் பார்த்தார்கள், கொஞ்சம் விரியவும் வேண்டும், ஆழமாகப் போகவும் வேண்டும் என்று. 1946 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு அப்பிக் காய்ந்திருந்த மூஸ் மானின் தோளில் தன் சன்னங்கள் மேலோடு சிதறிப்போவதைக் கண்டார் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர். வீட்டுக்குப் போய், சன்னத்தின் வயிற்றுக்குள் குறுக்கே ஒரு செப்புச் சுவர் வைத்தார். முன் அறையின் ஈயம் விரிந்து சிதறினாலும் சுவருக்குப் பின்னால் உள்ள பாதி கட்டியாகப் போய்க்கொண்டே இருக்கும். இன்னும் சிலர் ஈயத்தை உறையோடு பற்றவைத்தார்கள். 1989 இல் பார்ன்ஸ் கம்பனி ஈயத்தையே விட்டுவிட்டு முழுக்கச் செம்பில் சன்னம் விற்க வந்தது. மூக்கில் ஒரு குழி. ஈரம் அதற்குள் புகுந்து நெருக்க, நாலு இதழாக விரியும், எடை அநேகமாகக் குறையாது. செம்புக்கு அடர்த்தி 8.96, ஈயத்துக்கு 11.34, அதனால் அதே எடைக்குச் செம்புச் சன்னம் நீளமாக இருக்கும். ஈயத்தூள் இறைச்சிக்குள் போகாது என்பது இன்னொரு நன்மை. அந்தத் தூளைத் தின்று கழுகுகள் சாகின்றன என்று கலிபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈயத்தையே தடைசெய்துவிட்டது. இங்கே களவாகக் காட்டிறைச்சி வாங்கித் தின்கிறவர்கள் ஈயத்தைப் பற்றி யோசிப்பதாகத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இதை விடுகிறேன். வேகம் குறைந்தால் எந்த மெதுமூக்கும் விரியாது, கெட்டி மாதிரியே போகும். வேகம் மிஞ்சினால் தோலுக்குக் கீழேயே வெடித்துச் சிதறும். ஆகவே இந்தச் சன்னம் நல்லது, அது கூடாது என்று தேத்தண்ணிக் கடையில் அடித்துச் சொல்கிறவரிடம், எத்தனை அடி தூரத்தில், எந்த மிருகத்தில், எந்தப் பக்கத்தால் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறிவிடும்.

டம்டம் என்ற சொல்லை உங்கள் பத்திரிகையிலேயே பல தடவை பார்த்திருக்கிறேன். அது வெடிச் சத்தம் அல்ல, ஊர்ப்பெயர். கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம். இன்றைக்கு அந்த நகரத்தின் விமான நிலையம் இருக்கிற இடம். 1890களில் அங்கிருந்த ஆங்கிலேயரின் படைக்கலச் சாலையில் .303 சன்னத்தின் நுனி உறையை விட்டுவிட்டு ஈயம் தெரியச் செய்தார்கள், எல்லைப்புறச் சண்டையில் வெடிபட்டும் எதிரிகள் விழாமல் ஓடிவருகிறார்கள் என்று. மனித உடலுக்குள் விரிகிற சன்னத்தைப் போரில் பாவிக்கக்கூடாது என்று 1899 இல் ஹேக்கில் நாடுகள் பிரகடனம் செய்தன. அதே இங்கிலாந்தில் 1991 ஆம் ஆண்டின் மான் சட்டம், றைபிளால் மான் சுடுவதென்றால் விரிகிற சன்னம்தான் போடவேண்டும் என்கிறது. மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கியது மானுக்குக் கருணை. முதலில் எனக்கும் விளங்கவில்லை. காயம்பட்ட சிப்பாயைத் தூக்கிக்கொண்டு போக ஆஸ்பத்திரி இருக்கிறது. காயம்பட்ட மானுக்குப் பற்றைதான் இருக்கிறது.

ஆனால் விரியாத சன்னம் என்றால் காயம் சின்னது என்றும் நினைக்கவேண்டாம். போத்தலில் 7.62 மில்லிமீற்றர் கூர்மூக்குச் சன்னம் ஒன்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தம்பலகாமம் பக்கம் ஒரு எருமையின் தொடையிலிருந்து வந்தது. யார் சுட்டார்கள் என்று அந்த நாளில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே உருக்கு இருக்கிற சன்னம், கொஞ்சமும் நசியவில்லை. ஆனால் எடுத்தபோது அது வால் முன்னும் மூக்குப் பின்னுமாகக் கிடந்தது. கூர்மூக்குச் சன்னத்துக்குப் பாரம் பின்பக்கத்தில். காற்றில் சுழற்சி அதை நேரே பிடித்துவைக்கும், சதைக்குள் அந்தப் பிடி போதாது. ஒரு சாணுக்கு மேல் நேரே போய்விட்டுக் குத்துக்கரணம் அடிக்கும். அடித்த இடத்தில் தசை கிழிந்திருந்தது. புகுந்த இடத்தில் பொட்டு வைத்த மாதிரி ஒரு துளை. வெளியே பார்த்து உள்ளே என்ன என்று சொல்லமுடியாது என்பதை வைத்தியர் அன்றைக்குத்தான் எனக்குக் காட்டினார். பெரிய யானைச் சன்னங்களின் மூக்கைக் கூராக வைக்காமல் உருண்டையாகவோ தட்டையாகவோ வைப்பதும் இதற்காகத்தான். தட்டை மூக்கு வழிமாறாமல் போகும்.

போத்தலில் மிச்சம் உள்ளவற்றில் அநேகமானவை சன்னமே அல்ல. சைக்கிள் போல்ஸ் (உருக்கு உருண்டை) மூன்று. கம்பி அறுத்த துண்டு இரண்டு. நசிந்துபோன ஈயக்கட்டிகள். எல்லாம் இடியன் துவக்கால் வந்தவை. குழாயின் வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தை இட்டு இடித்து, கையில் அகப்பட்ட உலோகத்தைப் போட்டுச் சுடுகிற துவக்கு. அது விரிகிற சன்னமும் இல்லை, துளைக்கிற சன்னமும் இல்லை. இரண்டு குணமும் கெட்டது. கந்தளாய் அலியனில் பட்டதும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் செய்தியில் முன்னங்கால் தோளில் இரண்டு காயம் என்று இருந்தது.

ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம் அப்படி ஒரு யானையின் பிரேத பரிசோதனைக்கு உதவியாகப் போனேன். செத்தது குளக்கரைச் சேற்றில். வெடிபட்டது எப்போது என்று கேட்டதற்கு, அறுவடைக்கு முந்தி என்றார்கள். அன்றைக்கு வயலில் அடுத்த போகத்துக்கு உழுதுகொண்டிருந்தார்கள். தோல் சுருங்கி முதுகெலும்பு கூரை மாதிரி நின்றது. வலது முன்னங்கால் மூட்டு என் இடுப்பளவுக்கு வீங்கியிருந்தது. வைத்தியர் கத்தி வைத்தபோது வந்த சீழை வாளியால் அள்ளினோம். மணம் அடுத்த நாளும் கையை விட்டுப் போகவில்லை. தோலிலிருந்து ஒரு சாண் ஆழத்தில், மூட்டெலும்பில் ஒட்டினாற்போல, புளியங்கொட்டை அளவு நசிந்த ஈயம். அது யானையின் உயிர்நிலை எதையும் தொடவில்லை. நெஞ்சுக்குப் போகவில்லை, நுரையீரலுக்குப் போகவில்லை. ஆழமாகப் பாயவில்லை. ஒரு காலை ஊன்றமுடியாத யானை மேயப் போகமுடியாது, படுத்தால் எழும்பமுடியாது. ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்னவேண்டிய மிருகம், எட்டுகிற தூரத்தில் உள்ள புல்லைப் பிடுங்கிக்கொண்டு, குளத்துத் தண்ணீரில் பாரத்தை மிதக்க விட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் செத்திருக்கிறது. அந்த ஈயத்தை மட்டும் நான் போத்தலில் போடவில்லை. வைத்தியர் அறிக்கைக்கு எடுத்துக்கொண்டார்.

வெடிபட்ட அன்றைக்கு ஒரு நிருபர் வந்திருந்தால், அந்த யானையையும் உயிர் தப்பியது என்றுதான் எழுதியிருப்பார்.

இரண்டு கிழமைக்கு முன் இதே பகுதியில் ஒரு வாசகர், இந்த வேதனைக்கு முடிவு கட்ட விவசாயிகளுக்கு வலுவான றைபிள்கள் கொடுத்தால் என்ன என்று கேட்டிருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. எனக்கும் தம்பலகாமத்தில் மூன்று ஏக்கர் இருக்கிறது. குடலைப் பருவத்தில் ஒரே இரவில் யானை முக்கால்வாசியை மிதித்துவிட்டுப் போனதை விடியப் பார்த்தவன் நான். வரம்பில் குந்தியிருந்து அழுதிருக்கிறேன். ஆனால் பெல் மண்டையை அறுத்துப் படித்தவர். துரைக்குப் பகல் வெளிச்சமும் தடம் பார்க்க என் பெரியப்பாவும் இருந்தார்கள். ஆனபோதும் யானை அகப்படவில்லை. இரவு பதினொரு மணிக்கு, ரோச் வெளிச்சத்தில், பரணில் கை நடுங்க நிற்கிற ஒருவருக்குக் கெட்டிச் சன்னம் கொடுத்தால், அது யானையைத் தவறவிட்டு அடுத்த வாடிக்குள் படுத்திருக்கிற பிள்ளையைத்தான் துளைக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு தரப்படுகிற பன்னிரண்டு போர் துவக்கு யானையைக் கொல்ல அல்ல. வானத்தை நோக்கி வெடி வைத்துக் கலைக்கத்தான். அதைத் தாழ்த்தி யானையை நோக்கிச் சுடுகிற நாளில்தான் நான் மேலே சொன்ன சீழ் தொடங்குகிறது. வேலி, மின்சாரம், பரண் காவல் என்று பேசவேண்டியது நிறைய உண்டு. அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விசயம். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, எந்தக் கால், எந்த மூட்டு, நொண்டுகிறதா, எத்தனை நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது என்று நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் மிருக வைத்தியருக்கு அந்த வரிகள் உதவும். மயக்க ஊசி போட்டுச் சீழை எடுத்து மருந்து வைக்க நேரம் இருக்கும்போதே போனால் சில யானைகள் உண்மையாகவே தப்புகின்றன. தலைப்பில் அந்தச் சொல்லை அப்போது போடலாம்.

நேற்று என் மருமகன் கந்தளாய்க்குப் போனபோது குளக்கட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்திருக்கிறான். அலியன் நெஞ்சளவு தண்ணீரில் நிற்கிறதாம். காலையில் போகும்போதும் அங்கேதான், பின்னேரம் திரும்பும்போதும் அங்கேதான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.